சொல்லாமல் விட்ட வரி

அக்காவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. அவளுடைய மேமோகிராம் ரிப்போர்ட்டைப் படித்துச் சொன்னவன் நான். பாதியைத்தான் சொன்னேன்.

பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஆபீசில் இருபத்திரண்டு வருடமாக வேலை. பில் ஆஃப் என்ட்ரியில் ஒரு எண் பிசகினால் கன்டெய்னர் நகராது. எதையும் கடைசி வரி வரை விரல் வைத்துப் படிக்கிற பழக்கம் அப்படி வந்தது. அன்றைக்கும் அப்படித்தான் படித்தேன். 'பைராட்ஸ் 2' என்று ஓரிடத்தில் இருந்தது. அதற்கு மேலே, 'அடர்த்தி டைப் டி, சோனோமேமோகிராம் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கவும்' என்ற பொருளில் ஒரு வரி.

சென்டர் வாசல்படியில் நின்று, "இன்னாடா எழுதிகீது?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்லக்கா, நார்மல்."

டைப் டி என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. உள்ளே போய்க் கேட்டிருக்கலாம். கவுன்ட்டரில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தது. அக்காவின் மார்பைப் பற்றி அதனிடம் வாய்விட்டுக் கேட்கக் கூச்சமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். கொடுங்கையூர் வீட்டுக்கு வந்ததும் அந்தப் பெரிய கவரைப் பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில், நானே வைத்தேன்.

ஒன்பது மாதம் கழித்துக் குளிக்கும்போது அவள் கையில் கட்டி தட்டுப்பட்டது. பயாப்ஸி பார்ப்பதற்குள் அக்குள் நெறிகட்டிகளுக்கும் பரவியிருந்தது. அவளுக்கு வயது நாற்பத்தேழு.

பழைய ஃபிலிமை வெளிச்சத்தில் மாட்டிய டாக்டர், "கொடுங்கையூர்தானே? போகி அன்னிக்குக் காலையில எதிர்ல வர்ற வண்டி தெரியுமா?" என்று கேட்டார். மார்பில் கொழுப்பு அதிகமென்றால் ஃபிலிம் கறுப்பாக இருக்கும். அதில் கட்டி வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். சுரப்பியும் நாரும் அடர்ந்திருந்தால் எல்லாமே வெள்ளை. கட்டியும் வெள்ளை. அக்காவின் ஃபிலிம் முழுக்கப் புகை மூடிய மாதிரி இருந்தது.

பைராட்ஸ் எண், என்ன தென்பட்டது என்று சொல்கிறது; 2 என்றால் பயப்படும்படி எதுவும் தென்படவில்லை. ஏ முதல் டி வரையான எழுத்து, அடர்த்தி எவ்வளவு, அதற்குள் எவ்வளவு பார்க்க முடிந்தது என்று சொல்கிறது. நான் எண்ணை மட்டும் சொன்னேன். அடர்த்தி ஒரு நோயில்லை. பெரும்பாலும் சி, டி என்று வருவது இளவயதுப் பெண்களுக்கு, ஆனால் நாற்பது தாண்டியும் நிறையப் பேருக்கு உண்டு. கையால் தொட்டு அதை அறியவும் முடியாது. ஆனால் புற்று வரும் வாய்ப்பையும் அது கொஞ்சம் கூட்டுகிறது. அதனால்தான் கூடவே அல்ட்ராசவுண்ட் கேட்கிறார்கள்.

அமெரிக்காவில் நான்சி கப்பெல்லோ என்ற பெண்மணிக்கு மேமோகிராம் நார்மல் என்று வந்து, சில வாரத்திலேயே, 2004-இல், முற்றிய புற்று தெரிந்தது. அடர்த்தி விவரத்தை யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும் என்று அவர் போராடி 2009-இல் கனெக்டிகட் மாநிலத்தில் சட்டம் வந்தது. 2018-இல் இறந்துபோனார். 2024 செப்டம்பரிலிருந்து அந்த நாடு முழுக்க அடர்த்தியைப் பெண்ணிடம் சொல்லியே ஆகவேண்டும். அவர் போராடி வாங்கிய அந்த வரி, அக்காவின் ரிப்போர்ட்டில் கேட்காமலே இருந்தது. அதை அவளிடம் போகாமல் தடுத்தது நான்.

அன்றே ஸ்கேன் எடுத்திருந்தால் தெரிந்திருக்குமா என்று டாக்டரைக் கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அந்தப் பதிலுக்குள் இரண்டு மாதம் ஒளிந்துகொண்டேன். கீமோவுக்குக் கூட்டிப்போகிற ஆட்டோவில் அக்கா டிரைவரிடம், "எல்லாம் எந்தம்பிதான் பாத்துக்கிறான்" என்பாள். நான் வெளியே பார்த்துக்கொண்டு வருவேன்.

மூன்றாவது கீமோ முடிந்த இரவு சொல்லிவிட்டேன். முடி கொட்டிய தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு எழுந்து போய்ப் பீரோவைத் திறந்து, கவரை எடுத்துவந்து என் மடியில் போட்டாள்.

"இப்போ படி. மொத்தமும் படி."

விரல் வைத்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன்.