முறிந்த தாங்கி

தலைப்பிறை பார்ப்பதற்கென எங்கள் மத்ரஸாவில் சிறு தொலைநோக்கி ஒன்று உண்டு. சென்ற ஷஅபான் 27 அன்று அதை மாடிக்குத் தூக்கிச் சென்ற மாணவன் படியில் இடறியதில், ஃபைண்டர் எனப்படும் தேடுகுழலின் பிளாஸ்டிக் தாங்கி முறிந்தது. பெரிய குழலில் வானத்தின் சிறு துண்டே தெரியும். தேடுகுழலின்றி மெல்லிய பிறையை அதற்குள் கொண்டுவருவது கடினம். எல்லோர் முன்னிலையிலும் அவனைக் கடிந்துகொண்டேன்.

பசையிட்டு ஒட்டினேன்; திசை சரிசெய்யும் திருகுகளை இறுக்கியதும் மீண்டும் பிளந்தது. மறுநாள் அவனே தன் அத்தாவின் பட்டறையிலிருந்து அலுமினியக் கோணத் துண்டொன்றைக் கொண்டுவந்தான். இருவருமாகத் துளையிட்டு, போல்ட்டு நட்டால் பிணைத்தோம். அழகில்லை, ஆனால் அசையவில்லை.

29 அன்று அஸருக்குப் பின், கிழக்கே தொலைவிலிருந்த மினாராவின் உச்சியைப் பெரிய குழலின் நடுவில் நிறுத்தி, தேடுகுழலின் குறுக்குக் கோடுகளையும் அதன்மேல் பொருத்தினோம்.

“ஹஸ்ரத், மினாரா தலைகீழாகத் தெரிகிறது!” என்று சிரித்தான். அப்போதுதான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

சூரியன் முழுவதும் மறையுமுன் மேற்கே பார்த்தால் கண்ணே போய்விடும் என்று எச்சரித்து, இரு குழல்களின் மூடிகளையும் அவன் பொறுப்பிலேயே விட்டேன். மஃரிப் பாங்கு ஒலித்த பின்பே அவற்றைக் கழற்றினான்.