அக்கா அனுப்பிய புத்தகப் பெட்டி

2020 ஆம் ஆண்டு பங்குனி மாதம் கொரோனாத் தொற்றுக் காரணமாக நாட்டில் உள்ள பாடசாலைகள் யாவும் மூடப்பட்டபோது, என் மூத்த மகள் தரம் 1 இல் சேர்ந்து இரண்டு மாதங்கள்கூட ஆகியிருக்கவில்லை. வரிசையில் நிற்கவும், தண்ணீர்ப் போத்தலைத் தொலைக்காமல் வீட்டுக்குக் கொண்டுவரவும், தன் பெயரில் பாதியை எழுதவும் பழகியிருந்தாள். சின்னவனுக்கு மூன்றரை வயது. அடுத்த ஆண்டு முன்பள்ளியில் விடலாம் என்று இருந்தோம்.

வகுப்பு ரீச்சர் வட்ஸ்அப் மூலம் செயலட்டைகளை அனுப்பினார். வீட்டில் இருந்த ஒரேயொரு நல்ல ரெலிபோன் என்னுடையது. நான் ஒரு சமூகப் பணியாளர். போரினால் கணவனை இழந்த பெண்களின் சுயதொழில் குழுக்களைப் பார்ப்பது என் வேலை. ஊரடங்கு நாட்களில் அந்தப் பெண்கள் எடுக்கும் அழைப்புகளுக்கு நடுவே மகளின் செயலட்டை வந்து விழும். அதைப் பார்த்துக் கொப்பியில் வரைந்து கொடுத்து, அவள் செய்ததைப் படம் எடுத்து அனுப்புவதற்குள் அடுத்தது வந்துவிடும்.

கனடாவில் ஒன்ராரியோவில் இருக்கும் என் அக்கா தன் மூன்று பிள்ளைகளையும் வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கிறா. அங்கே அது சட்டத்துக்கு மாறானதல்ல. பெற்றோர் பாடசாலைச் சபைக்கு ஆண்டுதோறும் எழுத்தில் அறிவித்தால் போதும். எங்கள் நிலைமையைக் கேட்டவுடன் அக்கா சொன்னா: "இதுதான் கர்த்தர் உனக்குத் தந்த சந்தர்ப்பம். பள்ளிக்கூடம் திறந்தாலும் விடாத. வீட்டில வைச்சே படிப்பி. புத்தகம் எல்லாம் நான் அனுப்புறன்."

அந்த ஆண்டு கார்த்திகையில் பெட்டி வந்து சேர்ந்தது. சைக்கிளில் கட்டிக்கொண்டுவர முடியாமல் என் கணவர் ஓட்டோ பிடித்து வந்தார். பிரித்தபோது எனக்குக் கண் கலங்கியது என்பதை மறைக்கமாட்டேன். அவ்வளவு அழகான தாள். அவ்வளவு வர்ணம். அமெரிக்காவில் அச்சான கிறிஸ்தவக் கலைத்திட்டம் அது. பிள்ளை செய்யும் பயிற்சிப் புத்தகங்கள், ஒலி பழக்கும் அட்டைகள், வேதாகமக் கதைப் படங்கள், ஒட்டும் நட்சத்திரங்கள் எல்லாம் இருந்தன. தாய்க்கென்று தனியாக ஒரு தடித்த புத்தகம். ஒவ்வொரு நாளும் எந்த நேரத்துக்கு எதைச் சொல்ல வேண்டும், பிள்ளை எதைத் திரும்பச் சொல்லும் என்பதுவரை அதில் எழுதப்பட்டிருந்தது. களைத்துப்போன தாய்க்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

அமெரிக்காவில் இருந்து பிள்ளைகளுக்குப் புத்தகம் வருவது எங்கள் ஊருக்குப் புதினமல்ல. அமெரிக்க மிசனரிமார் 1816 இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். 1824 இல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலில் பெண் பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை ஆரம்பித்தார். என் பாட்டி அந்த வழியில் படித்தவர். ஆகவே பெட்டியை நான் சந்தேகத்தோடு பார்க்கவில்லை. பாட்டியின் காலம் திரும்பி வந்ததுபோல் இருந்தது.

தை மாதம் தொடங்கினோம். காலை எட்டு மணி முதல் பன்னிரண்டு வரை. என் கணவர், "வீட்டில ஒரு அதிபர் அம்மா உருவாகிறா" என்று பகிடி பண்ணினார். முதல் கிழமை நன்றாகத்தான் போனது. கணக்குப் புத்தகத்தில் அமெரிக்கச் சதங்களை எண்ணப் பழக்கும் பக்கம் வந்தது. கடைக்குப் போய் ரூபாய்க் காசு கொடுக்கும் பிள்ளைக்கு அந்த நாணயங்களின் பெயர்களைப் பாடமாக்கினேன். அடுத்து அங்குலமும் இறாத்தலும். மழை பெய்து முற்றத்தில் தவளை கத்திக்கொண்டிருக்க, உள்ளே இருந்து பனியில் என்ன உடுப்புப் போடுவது என்று படித்தோம். மூன்றாம் கிழமை மகள் பென்சிலைக் கீழே போட்டுவிட்டு அழுதாள். நான் அடிமட்டத்தால் அவளுடைய கையில் அடித்தேன்.

வாசிக்கும் சகோதரிகளில் சிலருக்கு என்னைத் தெரிந்திருக்கலாம். பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று உங்கள் முற்றங்களில் வந்திருந்து கதைத்தவள் நான்தான். சமூகவியல் பட்டதாரி. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பெட்டியின் அடியில் அக்கா தன் சொந்தப் புத்தகம் ஒன்றையும் வைத்திருந்தா. சார்லட் மேசன் என்ற ஆங்கிலேயக் கல்வியாளரைப் பற்றியது. 1842 இல் பிறந்து 1923 இல் இறந்த இந்த அம்மையார் வீட்டுக் கல்வி பற்றி 1886 இல் ஒரு நூலை வெளியிட்டார். ஆறு வயதுவரை பிள்ளையைப் பாடத்தில் இருத்தாமல் வெளியில் விடுங்கள், அதற்குப் பின்னும் சிறு பிள்ளைக்குப் பாடம் இருபது நிமிடத்தைத் தாண்ட வேண்டாம், ஒரு கதையை ஒரு தடவை வாசித்துவிட்டுப் பிள்ளையையே திரும்பச் சொல்ல விடுங்கள் என்பன அவருடைய முக்கியமான கருத்துகள். அவர் திருமணம் செய்யவில்லை, பிள்ளைகளும் இல்லை. ஆனாலும் நாலு மணித்தியாலம் பிள்ளையை நாற்காலியில் இருத்திய என்னைவிட அவருக்குப் பிள்ளைகளைத் தெரிந்திருந்தது.

ஆகவே நேரத்தைக் குறைத்தேன். மகளும் கொஞ்சம் தெளிந்தாள். அந்தக் கிழமைகளில்தான் மற்றச் சம்பவம் நடந்தது.

எங்கள் பக்கத்து வீட்டில் ஓர் அம்மம்மா இருக்கிறா. சைவக்காரர். நான் வெளிக்களம் போகும் நாட்களில் என் பிள்ளைகளுக்குத் தீத்தி வளர்த்தவர் அவர்தான். பொங்கலுக்குப் பொங்கலும், வெள்ளிக்கிழமைகளில் பிரசாதமும் வேலிக்கு மேலால் வரும். அவருடைய ஒரே மகன் 2009 இல் வன்னியில் காணாமல் போனவர். இன்றுவரை தகவல் இல்லை. அவருடைய படத்துக்கு அம்மம்மா மாலை போடுவதில்லை.

அந்தக் கலைத்திட்டத்தின் வேதாகமப் பாடம் ஒன்றில், இயேசுவை ஏற்றுக்கொள்ளாதவர்கள் போகும் இடம் பற்றி ஐந்து வயதுப் பிள்ளைக்கு விளங்கும்படி படம் போட்டு எழுதப்பட்டிருந்தது. நான் அதை வேகமாக வாசித்துக் கடந்து போனேன். மகள் கடக்கவில்லை. பின்னேரம் நான் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருக்க, வேலிக்கு அந்தப் பக்கத்தில் அவளுடைய குரல் கேட்டது.

"அம்மம்மா, நீங்கள் இயேசுவைக் கும்பிடாட்டி நெருப்புக்குள்ள போவீங்கள். புத்தகத்தில இருக்கு."

அம்மம்மா முதலில் சிரித்தா. பிறகு சற்று நேரம் சத்தமில்லை. "என்ர பிள்ளை எங்க இருக்கிறானோ, அங்கயே நானும் போறன் குஞ்சு" என்றா.

நான் தோய்த்த உடுப்பைத் திரும்பத் திரும்பத் தோய்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த நாள் போய் மன்னிப்புக் கேட்டேன். "குழந்தைப் பிள்ளை, அதுக்கு என்ன தெரியும்" என்று தேத்தண்ணீர் ஊற்றித் தந்தா. அதற்குமேல் நாங்கள் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

நான் விசுவாசம் உள்ள பெண். என் பிள்ளைகள் கிறிஸ்துவை அறிந்து வளர வேண்டும் என்ற ஆசை எனக்கு அக்காவுக்குக் குறையாமல் உண்டு. ஆனால் அந்தப் புத்தகம் யாருடைய பயத்தில் இருந்து எழுதப்பட்டது என்று யோசிக்கத் தொடங்கினேன். அமெரிக்காவில் 1962 இலும் 1963 இலும் உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்புகளால் அரசாங்கப் பாடசாலைகள் ஜெபத்தையும் வேத வாசிப்பையும் நடத்துவது நின்றுபோனது. பின்னர் வந்த ஆண்டுகளில் பல கிறிஸ்தவக் குடும்பங்கள் பாடசாலையை விட்டு வீட்டுக்குப் பிள்ளைகளைத் திருப்பியதற்கு அதுவும் ஒரு காரணம். 1993 அளவில் 50 மாநிலங்களிலும் வீட்டுக்கல்வி சட்டபூர்வமானது. அவர்களுடைய கலைத்திட்டங்கள் அந்த வழக்கில் இருந்து பிறந்தவை. எங்கள் நாட்டிலோ முதலாம் தரத்திலேயே தாய்மொழி, கணிதம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்பவற்றோடு சமயமும் ஒரு பாடம். என் மகளின் வகுப்பில் கிறிஸ்தவப் பிள்ளைகள் மூன்று பேர்தான். அந்த மூவரையும் மரத்தடியில் இருத்தி ஒரு ரீச்சர் படிப்பிக்கிறா. ஓய்வுநாள் பாடசாலை வேறு இருக்கிறது. இல்லாத ஒரு வழக்குக்கு நான் ஏன் என் பிள்ளையைச் சாட்சியாக்க வேண்டும்?

அந்த நாட்களில் அம்மாவிடம் ஒரு விடயம் கேட்டேன். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்டபோது எனக்கு எட்டு வயது, தம்பிக்கு ஐந்து. நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சியில் ஒரு பனங்காணிக்குள் கொட்டில் போட்டு இருந்தோம். 1996 சித்திரை வரைக்கும் எங்களுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அம்மா சுளகில் மணலைப் பரப்பி விரலால் எழுதப் பழக்கினா. எங்களிடம் இருந்த புத்தகங்கள் இரண்டு: வேதாகமம், பாட்டுப் புத்தகம். தம்பி எழுத்துக் கூட்டி வாசித்தது சங்கீதத்தில்தான். பின்பு பக்கத்துக் கொட்டில் பிள்ளைகளும் வந்து இருந்தார்கள். ஏழெட்டுப் பேர், எல்லோரும் சைவப் பிள்ளைகள். அதன் பிறகு அம்மா வேதாகமத்தை எடுத்து வாசிக்கப் பழக்கியதாக எனக்கு ஞாபகம் இல்லை. மாச் சாக்கின் எழுத்துகளையும், நிவாரண அட்டையையும், ஆத்திசூடியையும் வைத்துத்தான் படிப்பித்தா.

"ஏனம்மா அப்படிச் செய்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"அந்தத் தாய்மார் என்னை நம்பியெல்லே பிள்ளையளை விட்டவை. வேதத்தை இரவில உங்களுக்குச் சொன்னன்தானே" என்றா. பெரிய விளக்கம் ஒன்றும் இல்லை. சொல்லிவிட்டு மீன் வெட்டப் போய்விட்டா.

என்னுடைய குழுவில் உள்ள ஒரு பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். இறுதிப் போரில் கணவனை இழந்தவர், இடியப்பம் அவித்து விற்பவர். அவருடைய வீட்டில் வட்ஸ்அப் பார்க்கும் ரெலிபோன் இல்லை. "மிஸ், எனக்கு எழுத்துக் குறைவு, பிள்ளை படிக்காமல் போகப்போகுது" என்று அழுவார். ஒரு நாள் அவருடைய வீட்டுக்குப் போனேன். ஆறு வயதுப் பேத்தி இடியப்பத்தைப் பத்துப் பத்தாக அடுக்கிக்கொண்டு, "இது நாலு பத்து, இன்னும் ஆறு போட்டால் ஐஞ்சு பத்துக்கு நாலு குறையும்" என்றாள். என் மகள் அந்த நாட்களில் அமெரிக்கச் சதங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். உங்கள் பேத்தி கணக்கில் பிந்தவில்லை என்று அந்த அம்மாவுக்குச் சொன்னேன். அவர் நம்பவில்லை. நான் ஆறுதலுக்குச் சொல்வதாகவே நினைத்தார். எழுத்தும் வாசிப்பும் அந்தப் பிள்ளைக்குப் பிந்தித்தான் இருந்தன என்பதையும் நான் சொல்லத்தான் வேண்டும். அதற்கு இடியப்பம் உதவாது.

எனவே நான் தெரிந்தெடுத்தது இதுதான். அடிப்படைக்கு அரசாங்கம் இலவசமாகத் தரும் பாடநூல்கள். படம் மங்கல், தாள் மெல்லிசு, ஆனால் அதில் பனையும் முருங்கையும் இருந்தன. தமிழுக்கும் கணக்குக்கும் ஒவ்வொரு இருபது நிமிடம். பின்னேரத்தில் ஒரு கதை. அதை மகள் தம்பிக்குத் திரும்பச் சொல்ல வேண்டும். அவள் சொல்லும்போது நரி எப்பொழுதும் தப்பிவிடும். நானும் திருத்தவில்லை. ஆங்கில ஒலி அட்டைகளை வைத்துக்கொண்டேன், அவை உண்மையிலேயே நல்லவை. வேதாகமக் கதை இரவில், விளக்கை அணைத்த பிறகு, புத்தகம் இல்லாமல் என் வாயால். நல்ல சமாரியன் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். "அவர் வேற ஆக்கள்தானே, பிறகு ஏன் உதவி செய்தவர்?" என்று ஒரு இரவு கேட்டாள். பக்கத்து வீட்டு அம்மம்மா உனக்கு ஏன் தீத்தினவ என்று நான் கேட்டேன். பதில் சொல்லாமல் நித்திரையாகிவிட்டாள்.

2021 ஒக்டோபர் கடைசியில் ஆரம்பப் பிரிவுகள் திறக்கப்பட்டன. நமது நாட்டில் 5 வயது முதல் 16 வயதுவரை கல்வி கட்டாயம். 14 ஆக இருந்த மேல் எல்லை 2016 இல் உயர்த்தப்பட்டது. ஆனால் சட்டத்துக்காக நான் மகளை அனுப்பவில்லை. வீட்டில் அவளுக்கு வாசிப்பு நன்றாக வந்திருந்தது. வேறு பிள்ளைகளோடு பங்கிடத் தெரியவில்லை. தன் பென்சிலைத் தம்பி தொட்டாலே கத்தினாள். முதல் நாள் பாடசாலை வாசலில் என் சேலையைப் பிடித்துக்கொண்டு அரை மணித்தியாலம் அழுதாள். இரண்டாம் கிழமை, பின்வாங்கில் இருக்கும் பிள்ளையோடு அவளுக்குச் சண்டை என்று ரீச்சர் சொல்லிவிட்டா. மூன்றாம் கிழமை அந்தப் பிள்ளைக்குக் கொடுக்க என்று இரண்டு றொட்டி கூடக் கேட்டாள்.

அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. "உன்ர விசுவாசம் குறைஞ்சு போச்சு" என்று சொன்னா. இரண்டு மாதங்கள் நாங்கள் சரியாகக் கதைக்கவில்லை. அவவின் பிள்ளைகள் நன்றாக வளர்கிறார்கள், வீட்டில் தமிழில் ஜெபிக்கிறார்கள். அந்த நாட்டில், அந்தக் குளிரில், அவ செய்தது அவவுக்குச் சரியாக இருக்கலாம். அதை நான் அப்போதே அவவிடம் சொல்லியிருக்க வேண்டும். பிடிவாதத்தில் சொல்லவில்லை.

மகள் 2024 இல் புலமைப்பரிசில் பரீட்சையும் எழுதிவிட்டாள். பெட்டி அலுமாரிக்கு மேல் இருக்கிறது. அந்தப் பாடம் இருந்த பக்கத்தை மட்டும் நான் கிழித்துவிட்டேன். சென்ற மாதம் அக்கா ரெலிபோன் எடுத்து, சின்னவனுக்கு என்ன அனுப்ப என்று கேட்டா. வர்ணப் பென்சில் அனுப்பச் சொன்னேன். "பக்கத்து வீட்டு அம்மாவுக்கு ஒரு ஸ்வெற்றரும் வைக்கிறன், மார்கழியில குளிரும் எல்லே" என்றா.