ஒன்பது மணி நேரத்துல கைக்கு வந்தது நாலு

ஃப்ளைட் டிக்கெட் தேடும்போது விலை குறைவா ஒண்ணு கண்ணுல படும். உள்ள போய்ப் பார்த்தா, நடுவுல ஏதோ ஒரு ஊர்ல எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் 'லேஓவர்'னு போட்டிருக்கும். உடனே அதை மூடிட்டு அடுத்ததுக்குப் போயிடுவோம். அடுத்த தடவை மூடாதீங்க மக்கா. கணக்கு தெரிஞ்சா, மிச்சமான காசோட ஒரு ஊரையும் பார்த்துட்டு வரலாம்.

நான் ராதாபுரத்துக்காரன். விமானம் ஏறணும்னா எங்களுக்கு ஒரு பக்கம் திருவனந்தபுரம், இன்னொரு பக்கம் தூத்துக்குடி வாகைக்குளம். போன வருஷம் புனேயில் ஒரு இன்டர்ன்ஷிப் நேர்காணல் வந்துச்சு. வாகைக்குளத்துல ஏறி, சென்னையில் இறங்கும்போது காலை 9.15. புனே விமானம் மாலை 6.15. அதை விட்டா மறுநாள் காலை நேர்காணல் போச்சு. டிக்கெட் காசு அப்பா கைமாத்து வாங்கிக் கொடுத்தது. "அங்கனயே உக்காந்திருல, வெளிய எங்கயும் போயிராத"ன்னு ரெண்டு தடவை சொல்லித்தான் அனுப்பினாங்க. அந்தப் பயம் நியாயமானது. அதனால வெளியே போகும் முன்னாடி செய்ய வேண்டிய கணக்கை முதல்ல சொல்றேன்.

இறங்கின நேரத்துல இருந்து கணக்குப் போடாதீங்க. ஏற வேண்டிய நேரத்துல இருந்து பின்னோக்கிப் போடுங்க. உள்நாட்டு விமானத்துக்குச் செக்-இன் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கு முன்னாடியே மூடிடும். 6.15 விமானம்னா 5.15. வாசல்ல ஐடி கார்டு பார்க்கிற வரிசை, உள்ளே பாதுகாப்புச் சோதனை வரிசை, இதுக்கெல்லாம் இன்னொரு மணி நேரம் வச்சா 4.15. எழும்பூர்ல இருந்து திரும்ப ஒரு மணி நேரம் வச்சா 3.15. காலையில் வெளியே வந்து எழும்பூர் போய்ச் சேரவே 11 மணி ஆயிடும். ஆக ஒன்பது மணி நேரத்துல நம்ம கையில் நிக்கிறது நாலுதான். அந்த நாலுல மெரினா, மயிலாப்பூர், தி.நகர்னு மூணு இடம் போனா மூணையும் பஸ் ஜன்னல்லதான் பார்ப்பீங்க. ஒரே இடம் போதும்.

இன்னும் ரெண்டு விஷயம் கவனிக்கணும். ரெண்டு விமானமும் ஒரே பி.என்.ஆர்.ல இருந்தா பெட்டி பெரும்பாலும் கடைசி ஊர் வரைக்கும் தானாப் போயிடும். தனித்தனி டிக்கெட்னா நாமதான் எடுத்துத் தூக்கிட்டு அலையணும். அதனால தோள்பை மட்டும் கொண்டு போங்க. அப்புறம், சென்னையில் உள்நாட்டு விமானங்கள் ரெண்டு டெர்மினல்ல இருந்து கிளம்புது. ஒண்ணாவதா, நாலாவதான்னு டிக்கெட்டைப் பார்த்து வச்சுக்கோங்க.

நான் இந்தக் கணக்கை அப்பாவுக்குப் போன்ல சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம், "சரி, நாலேகாலுக்கு உள்ள போயிட்டு ஒரு போன் போடு"ன்னாங்க.

விமான நிலையத்துக்கு எதிரே, ஜி.எஸ்.டி. சாலையைத் தாண்டினா திரிசூலம் ரயில் நிலையம். கடற்கரை போற மின்சார ரயில்ல ஏறினா நேரா எழும்பூர். சாலை நெரிசல் தொல்லை இல்லாததால கணக்கு தப்பாது, செலவும் ஒரு டீ காசுதான். மெட்ரோவும் இருக்கு. எழும்பூர்ல இருந்து பாந்தியன் சாலையில் நடந்தா அரசு அருங்காட்சியகம். 1851ல தொடங்கினது. வெள்ளிக்கிழமை விடுமுறை, அதை மட்டும் பார்த்துப் போங்க.

ஏன் அந்த இடம்? ஆதிச்சநல்லூருக்காக. தாமிரபரணிக் கரையில், திருநெல்வேலி-திருச்செந்தூர் சாலையில் இருக்கிற பறம்பு அது. அலெக்சாண்டர் ரீ 1899ல இருந்து 1905 வரை அங்கே தோண்டி எடுத்த பொருட்கள் எழும்பூருக்குத்தான் வந்துச்சு. எங்க ராதாபுரம் பக்கம் தாமிரபரணி பாயாது. கோதையாத்துத் தண்ணி கால்வாய்ல வந்தா உண்டு. ஆனாலும் மாவட்டத்துல எல்லாருக்கும் 'நம்ம ஆறு'ன்னா அதுதான். பஸ் ஏறினா அரை நாளுக்குள்ள போய்த் திரும்பிடலாம். அதுவரை நான் போனதில்ல, எங்க தெருவுல போனவங்களும் இல்ல.

கண்ணாடிக்குப் பின்னாடி இரும்பு வாளும் ஈட்டியும் இருந்துச்சு. வெண்கல மூடி ஒண்ணு, அதுமேல விலங்கு உருவம். நான் ரொம்ப நேரம் நின்னது வெண்கலத்துக்கிட்டதான். வெண்கலத்துல வெள்ளீயம் கூடக்கூட அது நொறுங்கும்னு மெட்டீரியல் சயின்ஸ்ல படிச்சிருப்பீங்க. ஆதிச்சநல்லூர்ப் பாத்திரங்கள் சிலதுல 20 சதவீதத்துக்கு மேலேயே வெள்ளீயம் இருக்கு. பழுக்கக் காய்ச்சி, சூடு ஆறுமுன்னே தட்டி மெலிசாக்கி, தண்ணியில் முக்கி எடுத்திருக்காங்க. நாம பரீட்சையில் 'க்வென்சிங்'னு அஞ்சு மார்க்குக்கு எழுதுற அதே வேலை. அந்தப் பாடம் நடத்தின வகுப்புல இருந்து ஆதிச்சநல்லூர் ஒரு பஸ் தூரம். யாரும் அதைச் சொன்னதில்ல, நாங்களும் கேட்டதில்ல.

சோழர் காலச் செப்புத் திருமேனிகள் இருக்கிற கட்டடத்தையும் ஒரு சுத்து பார்த்தேன். திருவாலங்காட்டு நடராஜர் அங்கேதான் இருக்கார். சாப்பாட்டை முடிச்சு 3.10க்கு ரயில்ல ஏறினேன். 4.05க்கு விமான நிலையத்துக்குள்ள நின்னு அப்பாவுக்குப் போன் போட்டேன். முதல் ரிங்லயே எடுத்தாங்க.

வெளிநாட்டு லேஓவர்னா இன்னும் ஒரு படி கூட இருக்கு. சிங்கப்பூர் சாங்கியிலும் இஸ்தான்புல்லிலும் இடைநிற்கும் பயணிகளுக்கு இலவச ஊர்சுற்றல் உண்டு. ஆனா நம்ம பாஸ்போர்ட்டோட அந்த நாட்டுக்குள்ள கால் வைக்க விசா வேணுமான்னு டிக்கெட் எடுக்கும் முன்னாடியே பாருங்க. வேணும்னா, கையில் விசா இல்லாதவங்களுக்கு அந்த பஸ் கிடையாது.

எந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கிறதுன்னு குழப்பமா? 'பார்க்க வேண்டிய பத்து இடங்கள்' வீடியோவை விடுங்க. உங்க ஊர்ல இருந்து அந்த நகரத்துக்கு என்ன போயிருக்குன்னு தேடுங்க. ஆதிச்சநல்லூர்ல முதல்ல தோண்டினவர் ரீ இல்ல. 1876லயே ஜாகோர்னு ஒரு ஜெர்மானியர் தோண்டி, கிடைச்சதை பெர்லினுக்குக் கொண்டு போயிட்டார். நம்ம கல்லூரியில எம்.எஸ். படிக்க ஜெர்மனி கிளம்புறவங்க வருஷா வருஷம் இருக்கீங்க. பெர்லின்ல பத்து மணி நேரம் கிடைச்சா, நம்ம பொருள் இப்ப எங்கே இருக்குன்னு விசாரிச்சு இந்த இதழுக்கு எழுதி அனுப்புங்க.