வட்டைக்குப் போய் வரக்கூடிய ஒரு பைக்

முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எங்கள் மூன்று பேருக்கும் மெக்கானிக் வேலை தெரியாது. வந்தாறுமூலையில் கலைப்பீடத்தில் படிக்கிறோம். ஒருத்தன் புவியியல், ஒருத்தன் தமிழ், ஒருத்தன் வரலாறு. மோட்டர், பற்றரி பற்றி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், போன மாரியில் ஓடாத ஒரு மின்சார பைக்கை மண் ரோட்டில் மூன்று கிலோமீற்றர் தள்ளிக்கொண்டு வந்த பிறகு தேடிப் பிடித்து வாசித்ததும், ஆட்களிடம் கேட்டதும்தான்.

பைக் எங்களில் ஒருத்தனின் வாப்பாவுடையது. மற்ற இரண்டு பேரும் அவரை வாப்பா என்றுதான் கூப்பிடுவது. அதில் ஒருத்தன் செங்கலடிப் பொடியன். அவனுக்கும் அவர் வாப்பாதான். கறுத்தப்பாலம் தாண்டி, பதுளை ரோட்டில் போய், உள்ளே திரும்பினால் அவருடைய வட்டை. மூன்று ஏக்கர். ஏறாவூரிலிருந்து போய் வர 38 கிலோமீற்றர். அதில் பெரும்பங்கு தார் ரோட்டு. மிச்சம் கிறவல், பிறகு குளக்கட்டு, பிறகு மணல், கடைசியில் வாய்க்கால் கரை.

2022 யாருக்கும் மறந்திருக்காது. ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது மோட்டர் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல். சிறுபோக வேளாண்மை வெட்டுக்கு நிற்கிற நேரம். வாப்பா பைக்கை வரிசையில் விட்டுவிட்டு அதிலேயே சாய்ந்து தூங்கின இரவுகள் இருக்கின்றன. கத்தாரில் இருக்கிற காக்கா அப்பவே சொல்லிவிட்டார்: “வாப்பாக்கு ஒரு கரண்ட் பைக் எடுத்துக் குடுக்கணும். இனி ஒருத்தன்ட்டயும் பெற்றோலுக்கு நிக்கப்படா.” சொன்னவர் மறக்கவில்லை. மூன்று வருசம் சேர்த்து, போன வருசம் காசு அனுப்பினார். பைக் வந்தது.

ஊருக்குள் அந்த பைக்கைப் பற்றி ஒரு குறையும் சொல்ல ஏலாது. சந்தைக்குப் போகலாம், செங்கலடிக்குப் போகலாம், தங்கச்சியை ஸ்கூலில் விடலாம். சத்தம் இல்லை, புகை இல்லை, ஒயில் மாற்றுகிற வேலை இல்லை. நாங்களே அதில் கெம்பஸ் போய் வந்திருக்கிறோம். வாப்பாவின் பழைய சீ.டி. 100ஐக் கேட்டு ஒரு ஆள் வந்தும் விட்டார். விலையும் பேசியாச்சு.

பிறகுதான் அந்த டிசம்பர் நாள் வந்தது. ரெண்டு நாள் மழை விட்டிருந்தது. “பசளை எறியணும், இந்த வெயிலை விட்டா மறுகா கிடைக்காது” என்றார் வாப்பா. அவருக்கு முழங்கால் வருத்தம். நாங்கள் போகிறோம் என்று ரெண்டு பேர் புறப்பட்டோம். 50 கிலோ யூரியா மூடை ஒன்றை முன்னுக்கு வைத்தோம். பின்னால் ஒருத்தன். போகும்போது பிரச்சினை இல்லை. மணலில் மட்டும் கொஞ்சம் மூச்சு வாங்கினது போலிருந்தது. பசளை எறிந்து முடித்து அசருக்குப் பிறகு திரும்பினோம். வாய்க்கால் ஒன்று ரோட்டைக் குறுக்கறுக்கிற இடத்தில் தண்ணி முழங்காலுக்குக் கீழேதான் நின்றது. இறங்கினோம், ஏறினோம். அடுத்த மணல் துண்டில் பைக் மெல்ல மெல்ல நடை வேகத்துக்கு வந்தது. பிறகு ஒரு சிவப்பு லைட். பிறகு ஒன்றுமே இல்லை.

போனில் சிக்னலும் இல்லை. தள்ளினோம். பெற்றோல் பைக் தள்ளினால் நியூட்ரலில் உருளும். இது தன்ட மோட்டரையே இழுத்துப் பிடித்துக்கொண்டு வந்தது. கால் சுரியில் புதைய, சின்னச் சில்லு மணலில் புதைய, மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் நேரம் நெருங்கினது. அப்பதான் இடது பக்கப் பற்றைக்குள் கம்பு முறிகிற சத்தம். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அது என்ன சத்தம் என்று விளக்கத் தேவையில்லை. அப்படியே நின்றோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அது எங்களுக்கு முன்னால் ரோட்டைக் கடந்து போனது. ஒரு தனியன். எங்களைப் பார்த்ததா என்றுகூடத் தெரியாது.

கடைசியில் எங்களைத் தேடி வந்தது மூன்றாவது ஆள், விலை பேசி வைத்திருந்த அந்த சீ.டி. 100இல். கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தோம். வழியில் ஒருத்தரும் கதைக்கவில்லை.

ஏன் நின்றது? பெரிய மர்மம் இல்லை. பற்றரி 72 வோல்ற், 30 அம்பியர் மணி. ரெண்டையும் பெருக்கினால் 2,160 வாற் மணி. அதாவது வீட்டு கரண்ட் பில்லில் ரெண்டு யூனிட் சொச்சம். ஒரு லீற்றர் பெற்றோலில் ஏறக்குறைய ஒன்பது யூனிட் அளவு சக்தி இருக்கிறது. எஞ்சின் அதில் முக்கால் பங்கைச் சூடாக வீணாக்கினாலும் ரெண்டு யூனிட் அளவு சில்லுக்கு வந்துவிடும். கணக்குப் பார்த்தால், முழுச் சார்ஜோடு வட்டைக்குப் போகிற எங்கள் பைக், தாங்கியில் ஒரே ஒரு லீற்றர் பெற்றோலோடு போகிற பைக். தார் ரோட்டில் அது தாராளம். மூடையோடும் ரெண்டு ஆளோடும் மணலில் ஏறினால் கணக்கு வேறு. வழியில் ஒரு போத்தலில் வாங்கி ஊற்றவும் ஏலாது.

அதோடு, மோட்டர் இருப்பது பின் சில்லுக்குள்ளேயே. இந்த அமைப்பு தார் ரோட்டுக்கு நல்லது: செயின் இல்லை, பராமரிப்பு இல்லை. ஆனால் மணலில் சில்லு மெதுவாகச் சுற்றும்போது மோட்டரும் அதே மெதுவில்தான் சுற்றும். பாரம் இழுக்க கரண்ட் கூடக் கூட, கம்பிச்சுருள் சூடாவது அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும்: கரண்ட் ரெண்டு மடங்கானால் சூடு நாலு மடங்கு. ஒரு அளவு தாண்டினதும் கொன்ட்ரோலர் தன்னைக் காப்பாற்ற வலுவைக் குறைக்கும். எங்கள் பைக் நடை வேகத்துக்கு வந்தது அதனால்தான். சிவப்பு லைட் போட்டது, பிறகு கராஜில் திறந்து பார்த்தபோது தெரிந்தபடி, வாய்க்கால் தண்ணி ஒரு இணைப்புக்குள் போனதால்.

இதை எல்லாம் வாசித்துக்கொண்டு போகும்போதுதான் வெளியுலகத்தில் காடு மேடு ஓடுகிற மின்சார பைக்குகள் என்றே ஒரு வகை இருப்பது தெரிய வந்தது. ஸ்பெயினில் 2021 டிசம்பரில் அறிமுகமான ஸ்டார்க் வார்க் 80 குதிரைவலு வரைக்கும் தருகிறது. சீனாவின் சர்ரொன் லைட் பீ ஒரு யூரியா மூடை அளவு பாரம்தான். பற்றரியைக் கையால் தூக்கி எடுக்கலாம். பெங்களூரின் அல்ட்ராவயலட் 2025 மார்ச்சில் 120 கிலோவில் ஷொக்வேவ் என்ற ஒன்றை அறிவித்தது. இவற்றில் மோட்டர் சில்லுக்குள் இல்லை, நடுவில் இருக்கிறது. இடையில் பல்லோ செயினோ இருப்பதால் சில்லு மெதுவாகச் சுற்றும்போதும் மோட்டர் வேகமாகச் சுற்றலாம், சூடு குறையும். பார்க்கப் பார்க்க எங்களுக்கு ஆசைதான். ஆனால் ஒரு வீடியோவிலும் முன்னுக்கு மூடை வைக்க இடத்தைக் காணவில்லை. அவை பாய்வதற்கும் விளையாடுவதற்கும் செய்தவை. ஒரு பக்கம் தார் ரோட்டு ஸ்கூட்டர், மறுபக்கம் பணக்காரர் விளையாட்டு. நடுவில் இருக்கிற எங்கள் ரோட்டுக்கு என்று செய்தது எது?

மணல் ரோட்டில் ஓடுவது எங்களுக்கு விளையாட்டு இல்லை. அது வேலைக்குப் போகிற வழி. அதனால் பைக் ஓடுகிற ஆட்களிடமே கேட்டோம்: வட்டைக்குப் போகிறவர்கள், புன்னைக்குடாவில் மீன் எடுத்துப் பெட்டி கட்டிக்கொண்டு வருகிறவர், கராஜ் வைத்திருக்கிற ஒரு மாமா. ஒருத்தர்கூட வேகம் கேட்கவில்லை.

எல்லாரும் கேட்டது பெரிய சில்லு. ஸ்கூட்டர் சில்லு பள்ளத்தில் விழும்; பதினேழு பதினெட்டு அங்குலச் சில்லு தாண்டிப் போகும். அடுத்தது, மணலில் பாரத்தோடு மெதுவாக இழுக்கிற ஒரு கியர், கூடவே தள்ளும்போது நடை வேகத்தில் தானே உருண்டு வருகிற ஒரு வசதி. அது இருந்திருந்தால் அன்றைக்கு நாங்கள் மஃரிபுக்கு முதலே கறுத்தப்பாலம் வந்திருப்போம். விசையை விட்டதும் தானாகப் பிடிக்கிற மோட்டர் பிரேக்கைக் கூட்டவும் குறைக்கவும் முழுதாக நிறுத்தவும் ஏல வேண்டும். சேற்று வரம்பில் அது பின் சில்லை வழுக்கிவிடும்.

மீன்காரக் காக்கா சொன்னது உப்பு. “தண்ணி பிரச்சினை இல்ல தம்பி, காஞ்சிரும். உப்புத்தான் திண்டு போடும்.” தண்ணீர் காப்புக்கு ஐபி67 என்று ஒரு தரம் இருக்கிறது: ஒரு மீற்றர் தண்ணிக்குள் அரை மணித்தியாலம் தாங்க வேண்டும். அது பற்றரிக்கு மட்டும் போதாது. ஒவ்வொரு இணைப்புக்கும் வேண்டும். நாலு வருசம் உப்புக் காற்றுப் பட்ட பிறகும் வேண்டும். இதைக் கேட்பது வெள்ளத்துக்குள் இறங்குவதற்கு இல்லை. 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தோடு வெள்ளத்தில் போன மதரஸாப் பிள்ளைகளை இந்தக் கரையில் யாரும் மறக்கவில்லை. நாங்கள் கேட்பது முழங்காலுக்குக் கீழே நிற்கிற ஒரு வாய்க்காலைத் தாண்ட மட்டும்.

கராஜ் மாமா கேட்டது வேறு. “சீ.டி. 100ஐ நான் கண்ணை மூடிட்டுக் கழட்டுவன். இதைத் திறந்தா எல்லாம் பசை ஊத்தி ஒட்டிக் கிடக்கு. என்ன செய்யச் சொல்றாய்?” சாதாரண ஸ்பனரால் திறக்கிற பெட்டி, ஒரு செல் பழுதானால் அதை மட்டும் மாற்றுகிற வசதி, சாமான் இங்கேயே கிடைக்கிறது. செய்த கம்பனி நாளைக்கு இருக்குமா என்பதும் கேள்விதான். கலிபோர்னியாவில் நல்ல பெயர் எடுத்த மின்சார மோட்டோகிராஸ் பைக் செய்த அல்டா மோட்டர்ஸ் 2018 ஒக்டோபரில் வேலையை நிறுத்திவிட்டது. வாங்கினவர்களிடம் பைக் மிஞ்சினது, கம்பனி மிஞ்சவில்லை. பணக்கார நாட்டிலேயே அப்படி என்றால், எங்கள் கராஜ் மாமாவுக்குத் திறக்கத் தெரிந்திருப்பதுதான் எங்களுக்கு உள்ள ஒரே உத்தரவாதம்.

சத்தம் பற்றித்தான் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. நாங்கள் வாப்பாவிடம் சொன்னோம்: எஞ்சின் சத்தம் இல்லாததால்தான் கம்பு முறிகிற சத்தம் கேட்டது, அதனால்தான் நின்றோம். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “சரிதான் மகன். ஆனா ஓடக்குள்ள அதுக்கும் உங்கட சத்தம் கேக்கணுமே. திடீரெண்டு முன்னால போய் நிண்டா அது என்ன செய்யும்?” ரெண்டும் உண்மை. வேண்டும்போது சத்தம் போட, வேண்டாதபோது அமைதியாக இருக்க ஒரு சுவிச் கேட்கலாம் போலிருக்கிறது. யானைக்காக அப்படி ஒரு சுவிச்சை வெளிநாட்டில் உட்கார்ந்து யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

இப்போது வீட்டில் ரெண்டு பைக்கும் நிற்கின்றன. சீ.டி. 100க்கு விலை பேசின ஆளிடம் வாப்பா மன்னிப்புக் கேட்டு அட்வான்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வட்டைக்கு அது, ஊருக்குள் மற்றது. வெள்ளிக்கிழமைகளில் காக்கா வீடியோ கோல் எடுப்பார். “வாப்பா, பைக் எப்பிடி? வட்டைக்குப் போறீங்களா அதில?” வாப்பா ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான் சொல்வார்: “நல்லா ஓடுது மகன். ஒரு பிரச்சினயும் இல்ல.” சொல்லிவிட்டு எங்களைப் பார்ப்பார். நாங்கள் வாய் திறப்பதில்லை. கத்தார் வெயிலில் மூன்று வருசம் சேர்த்த காசு அது.

அதனால்தான் இதை இங்கே எழுதினோம். காக்கா இதை வாசித்தால், பைக் நல்ல பைக்தான் காக்கா, வாப்பா சொன்னது பொய் இல்லை. அது எங்கட ரோட்டைக் கண்டு செய்த பைக் இல்லை, அவ்வளவுதான். அப்படி ஒன்றைச் செய்கிறவன் எங்கேயாவது இருந்தால், படம் கீறுவதற்கு முதல் ஒரு டிசம்பரில் இங்கே வரட்டும். 50 கிலோ மூடை நாங்கள் தருகிறோம். கூட வாப்பாவும் வருவார்.