ஏழரையும் ஒரு புள்ளியும்

7.45 பெரிதா, 7.5 பெரிதா? விடுதி நண்பர்களைத் திடுமெனக் கேட்டுப் பாருங்கள். கணக்கில் வல்லவரும் ஒரு கணம் தயங்குவார். புள்ளிக்குப் பின் வருவதைத் தனி எண்ணாகவே மனம் படிக்கிறது. நாற்பத்தைந்து ஐந்தை அமுக்கிவிடுகிறது. பத்தில் ஒரு பங்கு நூறில் ஒரு பங்கைவிடப் பெரிதாயிற்றே என்று, 0.3-ஐ 0.45-க்கு மேலே வைப்பாரும் உண்டு.

கோலார் தங்கவயலில், மாரிக்குப்பத்தில் வாழ்ந்த என் பாட்டிக்கு இந்தத் தயக்கம் இல்லை. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அக்காளின் கல்லூரிக் கட்டணத்துக்காக, ஒரு பவுனுக்குச் சற்றே குறைந்த தம் சங்கிலியை விற்கப் போனார். ஒரு கடைச் சீட்டில் 7.45 கிராம், அடுத்த கடையில் 7.5. விலை ஒன்றுதான். "முதல் கடையிலேதான் எடை அதிகம்" என்றார் மாமா. பாட்டி விடவில்லை: "இது ஏழரைடா, அது ஏழரைக்குக் கம்மி." ஏழரைக் கடையிலேயே விற்றார்.

பள்ளி வாசலை மிதியாதவர் அவர். அரை, கால், வீசம் என்ற சொற்களே அவருக்கு அளவைக் காட்டின. 1957 ஏப்ரல் 1-இல் நயா பைசா வந்து ஓரணா 6.25 பைசா ஆனபின்னும், எட்டணாவை அவர் விட்டாரில்லை.

பழம்பெருமை பேசவில்லை, அன்பர்களே! 7.45-ஐ வீசத்தில் சொல்லப் பாட்டியும் திணறியிருப்பார். நகை முத்திரையைப் பாருங்கள்: 916, 750, 585. ஆயிரத்தில் எத்தனை பங்கு தங்கம் என்பதே பொருள். எல்லாம் மூன்றிலக்கம், புள்ளியே இல்லை. அந்தக் கடைக்காரரும் ஒரு சுழி சேர்த்து 7.50 என்று எழுதியிருந்தால், மாமா வாயைத் திறந்திருக்கமாட்டார்.