காத்திருக்கும் கணங்கள்

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால், துறைமுகத்தினுள் நுழைவதற்காக வரிசையிற் காத்துநிற்கும் கொள்கலன் லொறிகளைக் காணலாம். அவற்றை எண்ணுவது என் சிறுவயதுப் பொழுதுபோக்கு. அந்த நிற்றலுக்கும் ஒரு விலை உண்டென்பதை எனக்கு உணர்த்தியவர் பேர்த் நகரில் வாழும் என் மாமா.

மேற்கு அவுஸ்திரேலியாவின் இரும்புத்தாதுச் சுரங்கமொன்றின் பணிகளைக் கணினித் திரையிற் கண்காணிப்பது அவர் தொழில். சுரங்கமோ ஆயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால், பில்பாராவில். ஒவ்வொரு லொறியும் எங்கே நிற்கின்றது, எத்தனை தொன் ஏற்றியது, அகழ்பொறியின்முன் எவ்வளவு நேரம் காத்தது என்பவற்றையெல்லாம் கணினி குறித்துக்கொள்ளும். அடுத்து எந்த அகழ்பொறியிடம் செல்லவேண்டுமென்பதையும் அதுவே பணிக்கும். லொறி நின்றால் நட்டம். அகழ்பொறி வெறுமனே நின்றால் அதனினும் பெருநட்டம். அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்து டைரோன் செப்புச் சுரங்கத்தில் 1980ஆம் ஆண்டிலேயே இத்தகைய முறை நடைமுறைக்கு வந்துவிட்டது. புதிய லொறி ஒன்றேனும் வாங்காது கூடுதல் தாது பெறலாம் என்பதே அதன் கவர்ச்சி.

இதையெல்லாம் கேட்ட மயக்கத்தில், கேகாலையிலுள்ள நண்பனொருவனின் வீட்டுக்குச் சென்றபோது என் அரைகுறைச் சிங்களத்தில் விரித்துரைத்தேன். அவன் தந்தையார் போகலைக் காரீயச் சுரங்கத்தில் உழைத்து ஓய்ந்தவர். நிலத்தின்கீழ் நானூறு மீற்றருக்கும் அதிகமான ஆழம்வரை, ஒடுங்கிய காரீயப் படலங்களைத் தொடர்ந்து செல்லும் சுரங்கம் அது. பொறுமையுடன் கேட்டிருந்தவர் ஒன்றே ஒன்று வினவினார்:

"வெடி வைத்தபின் நாங்கள் சும்மா இருப்போமே மகன், அதை உங்கள் கணினி எப்படி எழுதும்?"

வெடித்தபின் காபனோரொட்சைட்டும் நைதரசன் ஒட்சைட்டுகளும் சுரங்கவழியில் தங்கிநிற்கும். காற்றோட்டம் அவற்றை அகற்றும்வரை எவரும் உட்புகலாகாது. தளர்ந்த பாறைகளையும் தட்டிப்பார்த்து முன்கூட்டியே வீழ்த்திவிட வேண்டும். அந்நேரத்தில் ஒரு கூடை காரீயமும் மேலே வராது.

அன்றிரவே மாமாவிடம் தொலைபேசியில் அதைக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு தாமதத்துக்கும் ஒரு குறியீடு உண்டென்றும், பழுதினால் நிற்பதும் பாதுகாப்புக்காக நிற்பதும் தனித்தனியே பதியப்படுமென்றும் விளக்கினார்.

"ஆனால், மாதமுடிவில் மேலிடத்தார் பார்ப்பது கூட்டுத்தொகையை மட்டும்தானடா" என்றார், சற்றுப் பொறுத்து.

கணினியை நான் வெறுக்கவில்லை. நச்சுவாயுவை அளக்கும் கருவிகளோடு இணைக்கப்பட்டால், எப்போது உள்ளே திரும்பலாம் என்பதை மூக்கினும் நன்றாக அதுவே சொல்லும். காபனோரொட்சைட்டுக்கு மணமே இல்லையன்றோ! எனினும் அக்குறியீடுகளை வகுக்கும் மேசையில், வெடிப்புகையில் காத்திருந்து பழகிய எவரேனும் அமர்ந்ததுண்டா என்று மாமாவிடம் வினவினேன். விசாரித்து அடுத்த ஞாயிறு சொல்வதாகக் கூறியிருக்கிறார்.