தகர ரொக்கட்டின் வால்

யொகஹாமா என்றால் நம் நாட்டவருக்கு நினைவு வருவது வாகனங்கள்தான். அந்தத் துறைமுகத்தில் கப்பலேறிய பழைய கார்களும் வேன்களும் நம் தெருக்களில் எத்தனையோ ஓடுகின்றன. அதே துறைமுகத்துக்கு மேலே யமாத்தே என்றொரு மேடு உண்டு. அங்கே நான் போனது விளையாட்டுச் சாமான் பார்க்க.

நாற்பது வயதைக் கடந்தவருக்கு இது தேவையா என்று சகோதரிகள் சிரிக்கலாம். எங்கள் வீட்டிலும் சிரித்தார்கள். பேருவளையைச் சேர்ந்த நண்பர் ஒருவர் மாணிக்க வியாபாரத்துக்காக யப்பானுக்குப் போய், அங்கேயே திருமணம் முடித்துக் குடியிருக்கிறார். அவர்தான் தன் மாமியையும் கூட்டிக்கொண்டு என்னை அழைத்துச் சென்றார். மாமிக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது.

இஷிகவாச்சோவில் ரயிலை விட்டிறங்கி, மொத்தோமாச்சி கடைத்தெருவைக் கடந்ததும் ஏற்றம் தொடங்குகிறது. எனக்கு மூச்சு வாங்கியது. மாமி எங்களுக்கு முன்னால் ஏறிப்போய்க் காத்து நின்றார். 1859இல் துறைமுகம் திறக்கப்பட்ட பின்னர் வெளிநாட்டு வணிகர்கள் வீடு கட்டிக் குடியிருந்த மேடு இது. அவர்களுடைய மயானமும் இங்கேதான் இருக்கிறது. இந்த மேட்டில் ஒரு சிறிய வீட்டில் தெருஹிசா கிதஹாரா என்பவர், தான் தேடிச் சேர்த்த தகர விளையாட்டுச் சாமான்களை வைத்து 1986இல் ஒரு நூதனசாலையைத் திறந்தார்.

கண்ணாடிப் பெட்டிகளில் கார், ரயில், பொம்மை என்று நிறைந்து கிடக்கின்றன. என் கண் போனது விண்கலங்களின் பக்கம். சிவந்த மூக்கு, மீனின் வால் போன்ற பின்புறம், வட்ட வட்டமாக யன்னல்கள். யன்னல்களில் பஸ் பிரயாணிகளைப் போல மனித முகங்கள் வரையப்பட்டிருக்கின்றன. 1961 ஏப்ரலில் ககாரின் போய்வரும் வரை விண்ணுக்கு எந்த மனிதனும் போனதில்லை. அதற்கு முந்திய ரொக்கட்டுகளைச் செய்தவர்களுக்குக் கற்பனைதான் வழிகாட்டி. 1969இல் மனிதன் சந்திரனில் இறங்கிய காலத்தவை நிஜக் கலத்தைப் பார்த்துச் செய்தவை. சரியாகத்தான் இருக்கின்றன. ஆனால் எனக்குப் பிடித்தது அந்தப் பழைய பொய்தான்.

இவற்றின் கதை இல்லாமையில் தொடங்குகிறது. 1945 மே 29ஆம் திகதி குண்டுவீச்சில் யொகஹாமாவின் பெரும்பகுதி எரிந்துபோனது. ஆகஸ்டில் யப்பான் சரணடைந்தது. சாமான் செய்யத் தகரத்துக்கு எங்கே போவது? அமெரிக்கப் படையினர் உண்டுவிட்டு எறிந்த பேணிகளை எடுத்து, கொசுகே மத்சுசோ என்பவர் அவ்வருட இறுதியில் ஒரு குட்டி ஜீப் செய்தார். அது கியோத்தோவில் 10 யென்னுக்கு விற்பனையானது. வென்றவனின் பேணியிலே வென்றவனின் ஜீப்!

1947இல் ஏற்றுமதிக்கு வழி திறந்தது. 1952 வரை ஏற்றுமதிச் சாமான்கள் பலவற்றில் 'ஆக்கிரமிக்கப்பட்ட யப்பானில் செய்யப்பட்டது' என்ற எழுத்தைக் காணலாம். ரொக்கட்டுகள் பெருகியது அதற்குப் பின்னர். அவற்றில் பெரும்பகுதி அமெரிக்கப் பிள்ளைகளின் கைக்கே போனது. இன்று சேகரிப்போர் அவற்றை அங்கிருந்து தேடி வாங்குகிறார்கள். வாங்கியதும் கவிழ்த்து, ரி.என்., எஸ்.எச். என்பன போன்ற கம்பனி முத்திரையைத் தேடுகிறார்கள். பற்றரி ஒழுகி உள்ளே அரித்திருந்தால் விலை விழும். அட்டைப்பெட்டியும் இருந்தால் ஏறும். எந்தப் பிள்ளையும் தொடாத சாமானுக்குத்தான் மதிப்பு அதிகம். இந்த நியாயம் எனக்கு இன்னும் விளங்கவில்லை. 1977இல் 'ஸ்டார் வோர்ஸ்' படம் வந்தபோது, அமெரிக்காவின் கென்னர் கம்பனியால் நத்தாருக்கு முன் பொம்மைகளைச் செய்து முடிக்க இயலவில்லை. பொம்மை பின்னர் வரும் என்ற உறுதிச் சீட்டோடு அட்டை உறையை மட்டும் விற்றது. அந்த வெறும் உறையையும் இன்று சேகரிக்கிறார்கள்!

இதையெல்லாம் நண்பர் விளக்கிக்கொண்டிருக்க, மாமி ஒரு ரொக்கட்டின் முன்னால் நின்றுவிட்டார். கூப்பிட்டும் வரவில்லை.

அவர் பிறந்து வளர்ந்தது டோக்கியோவின் கத்சுஷிகா பகுதியில். விளையாட்டுச் சாமான் பட்டறைகள் நிறைந்திருந்த இடம் அது. தகரத் தகட்டில் முதலில் படத்தை அச்சிடுவார்கள். பிறகு அழுத்தி வெட்டி வடிவமாக்கி, ஓரத்திலுள்ள சிறு நாக்குகளை மற்றத் துண்டின் துவாரத்தில் நுழைத்து மடிப்பார்கள். ஆணியோ பசையோ தேவையில்லை. கைவேலை பல, கட்டுக் கட்டாக வீடுகளுக்கு வருமாம். மாமியின் தாயார் இரவில் விளக்கடியில் அமர்ந்து நாக்கு மடிப்பார். மகள் பாடசாலை விட்டு வந்து கூட அமர்வாள். சின்ன விரல் என்பதால் சுலபமாக நுழையும். தகரம் வெட்டவும் செய்யும்.

"எங்கள் வீட்டுக்கு வந்தது வால் மட்டும்தான். மீன் செய்கிறோம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்" என்றார். நண்பர் அதைத் தமிழில் சொல்லும்போது அவருடைய குரல் இறங்கிப் போனது. மருமகனுக்கும் இது புதுச் செய்தி.

"வீட்டில் ஒன்றாவது வைத்திருந்தீர்களா?" என்று கேட்டேன்.

"எண்ணிக் கொடுப்பார்கள். எண்ணி வாங்குவார்கள்" என்றார் மாமி.

திரும்பும்போது, பழைய மாதிரியில் புதிதாகச் செய்த தகர ரொக்கட் ஒன்றைக் கடையில் வாங்கி நண்பர் அவரிடம் கொடுத்தார். மாமி அதன் முகப்பையும் யன்னல்களையும் பார்க்கவேயில்லை. கவிழ்த்து, வாலைப் பிடித்து, நகத்தால் ஒவ்வொரு நாக்காகத் தடவிப் பார்த்தார். மூன்றாவதில் விரல் நின்றது.

"இது சரியாக மடியவில்லை" என்று சொல்லி, அங்கே நின்றபடியே பெருவிரலால் அழுத்தி மடித்துவிட்டுத்தான் பையில் போட்டார்.